வண்டியில் ஏறியது குற்றமா?

(தென்காசியில் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று உங்களிடம் ஒரு மாட்டு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆம், மாட்டு வண்டிதான்! 1893ஆம் ஆண்டில் ஒரு மனிதர் தன் சொந்தக் காசில் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை உடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, அதில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயணம் ஒரு சமஸ்தானத்தையே உலுக்கியது!

வண்டியில் ஏறியது சரியா, தவறா என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இதில் என்ன தவறு என்பீர்கள். ஆனால் அன்று அந்தச் சாலையோரத்தில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஊர் அமைதியைக் கெடுக்கிறான்' என்றார்கள். 'காலம் காலமாக இருக்கும் வழக்கத்தை மீறுகிறான்' என்றார்கள். 'இவன் செய்கிற காரியத்தால் இவன் சாதிக்காரர்கள்தானே அடி வாங்குவார்கள்' என்றும் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

இந்த மூன்று வார்த்தைகளையும் இன்றும் நாம் கேட்கவில்லையா? எந்த ஊரில் எந்த அநியாயம் நடந்தாலும் இரண்டு குரல்கள் எழும். கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "நமக்கு எதுக்கு பாய் வம்பு? ஊர் அமைதியா இருந்தாத்தானே யாவாரம்?" டீக்கடை பெஞ்சிலிருந்து இன்னொரு குரல்: "இறங்கிட வேண்டியதுதான்! வர்றது வரட்டும்!"

இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு பேருமே எடை போடாமல் பேசுகிறார்கள். எடை போடாமல் சரக்கை விற்கும் வியாபாரி உண்டா? கால் கிலோ பருப்புக்குத் தராசைத் தேடும் நாம், மனித மரியாதை சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாமா?

நன்மை தீமையை எடை போட உலகம் சில தராசுகளைச் செய்து வைத்திருக்கிறது. அவற்றில் மூன்றை எடுத்து அந்த வண்டிப் பயணத்தை நிறுத்துப் பார்ப்போம்.

அந்த மனிதர் யார்?

அவர் பெயர் அய்யன்காளி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர். அன்று புலையர் என்று அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில். அதாவது, அவர் பிறப்பதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன்பு!

'அது மலையாள நாட்டுக் கதை, தென்காசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் செங்கோட்டை, 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த ஊர். (1949க்குப் பிறகு அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று.) தென்காசி சென்னை மாகாணத்தில், செங்கோட்டை மகாராஜாவின் ஆட்சியில். 1904இல் கொல்லம் - செங்கோட்டை ரயில் வருவதற்கு முன்பு, நம் பக்கத்துச் சரக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாக மாட்டு வண்டியில்தான் மலை ஏறிப் போனது. ஆக, மாட்டு வண்டியும் நமக்குப் புதிதில்லை, அந்த ராஜ்ஜியமும் நமக்கு அந்நியமில்லை.

அந்த ராஜ்ஜியத்தில் என்ன நிலைமை? உழைத்து விளைய வைத்தவன் மற்றவர்கள் நடக்கும் சாலையில் நடக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது. அவன் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கக் கூடாது. வண்டியில் ஏறுவதா? நினைத்தே பார்க்கக் கூடாது!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. 1884இல் மறுபடியும் அதை உறுதி செய்தது. காகிதத்தில் சாலை திறந்திருந்தது, தரையில் மூடியிருந்தது. அறிவிப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து, காகிதத்தில் இருந்ததைத் தரையில் நடத்திக் காட்டத்தான் அய்யன்காளி வண்டி கட்டினார்.

அதோடு நிற்கவில்லை. நெடுமங்காடு சந்தைக்குள்ளும் நுழைந்தார். செங்கோட்டையிலிருந்து தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு நெடுமங்காடு தெரிந்த ஊர்தான். விற்க வந்தவனையும் வாங்க வந்தவனையும் சாதி பார்த்து விரட்டிய சந்தையில், 'என் காசும் காசுதான்' என்று ஒருவர் போய் நின்றார்.

முதல் தராசு: விளைவு

இனி எடை போடுவோம். முதல் தராசு வியாபாரிகளுக்கு மிகவும் பழக்கமானது. அதுதான் லாப நஷ்டக் கணக்கு. ஒரு செயலால் எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு துன்பம் என்று கூட்டிக் கழித்துப் பார். நன்மை மிகுந்தால் அது நல்ல செயல். இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம், அவருக்குப் பின் ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோர் வகுத்த முறை இது. பொது நன்மையைக் கருதுவதை நம் மதரஸாக்களில் 'மஸ்லஹத்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பார் என்ற எச்சரிக்கை இரண்டிலும் இருக்கிறது.

இந்தத் தராசில் அய்யன்காளியின் வண்டியை வைத்தால் முதலில் அது இறங்குமுகமாகத்தான் தெரியும். வண்டியை மறித்தார்கள். அதன் பிறகு பாலராமபுரத்தில் சாலியர் தெரு வழியாக அவரும் தோழர்களும் நடந்தபோது பெரும் கைகலப்பு ஏற்பட்டது. ஏழைகள் அடிபட்டார்கள். அன்று மாலையே கணக்கை முடித்திருந்தால் யாரும் 'நஷ்டம்' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் அன்று மாலையே கணக்கை முடிக்கும் வியாபாரி உருப்படுவானா? 1900 வாக்கில் பெரும்பாலான சாலைகளில் நடக்கும் உரிமை அந்த மக்களுக்குக் கிடைத்துவிட்டது. கோயில்களை ஒட்டிய சாலைகள் மட்டும் மூடிக் கிடந்தன. அவற்றுக்காக 1924 மார்ச் 30ஆம் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறை சென்றார். 1925இல் மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. வண்டி கிளம்பி 43 ஆண்டுகள்!

இந்தக் கணக்கில் நாம் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. போராட்டத்தின் செலவை எழுதுகிறோம், மௌனத்தின் செலவை எழுதுவதே இல்லை. கடை அடைத்த ஒரு நாளின் நஷ்டம் நமக்குத் தெரிகிறது. ஒருவன் ஐம்பது ஆண்டுகள் சந்தைக்கு வெளியே நின்றதால் இழந்த வியாபாரம் யார் பேரேட்டில் இருக்கிறது? பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பிள்ளை வாழ்நாளெல்லாம் இழந்தது யார் கணக்கில் வருகிறது? 'ஊர் அமைதியாக இருந்தது' என்கிறோம். அந்த அமைதிக்கு ஒருவன் தினமும் வாடகை கட்டிக் கொண்டிருந்தான். நாம் கட்டாததால் அது இலவசம் என்று நினைத்துக் கொண்டோம்!

ஆகவே, 'வம்பு வேண்டாம்' என்று சொல்லும் பெரியவர்களே, விளைவைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டுப் பாருங்கள்.

இந்தத் தராசுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. நூறு பேருக்குச் சௌகரியம், பத்துப் பேருக்கு அவமானம் என்றால், கூட்டிக் கழித்து 'நூறு பேர் பக்கமே நியாயம்' என்று சொல்லிவிடும் ஆபத்து இதில் உண்டு. சிறு கூட்டமாக வாழ்கிறவர்கள் இந்தத் தராசை மட்டும் நம்பி இருக்க முடியாது. இது யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும்.

இரண்டாம் தராசு: கடமை

அதனால்தான் இரண்டாவது தராசு தேவைப்படுகிறது. ஜெர்மனியின் இம்மானுவேல் கான்ட் கொடுத்தது. விளைவு இருக்கட்டும், நீ செய்யும் செயலை எல்லோரும் செய்யலாம் என்று ஒரு பொது விதியாக ஆக்க முடியுமா என்று அது கேட்கிறது. மனிதனை மனிதனாக மதிக்கிறாயா, அல்லது உன் காரியத்துக்கு ஒரு கருவியாக மட்டும் பயன்படுத்துகிறாயா என்றும் கேட்கிறது.

அய்யன்காளி என்ன கேட்டார்? 'எனக்கு மட்டும் தனிச் சாலை போடு' என்று கேட்டாரா? 'மற்றவர்கள் இறங்கி நடக்கட்டும்' என்று கேட்டாரா? எல்லோரும் போகும் சாலையில் தானும் போனார். அந்தச் செயலைப் பொது விதியாக்கினால் உலகம் கெடாது. ஆனால் வண்டியை மறித்தவன் செயலைப் பொது விதியாக்கிப் பாருங்கள்! ஒவ்வொருவனும் தனக்குப் பிடிக்காதவன் வண்டியை மறித்தால், சாலை என்று ஒன்றே இருக்காது.

சட்டத்தை மீறலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் உரிமையைக் கான்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அய்யன்காளி எந்தச் சட்டத்தை மீறினார்? 1865இன் அறிவிப்பு அவர் பக்கம் இருந்தது. அவர் மீறியது வழக்கத்தை! வழக்கம் வேறு, சட்டம் வேறு, நியாயம் வேறு. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி, 'இதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு' என்று சீல் வைத்துவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

சட்டமே அநியாயமாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு அமெரிக்காவின் ரோசா பார்க்ஸைப் பார்க்க வேண்டும். 1955 டிசம்பர் 1ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து உட்கார்ந்திருந்தார். வயது 42. துணிக்கடையில் தையல் வேலை. கைதானார். அபராதமும் செலவுமாக 14 டாலர் விதித்தார்கள். அங்கே உள்ளூர்ச் சட்டமே அவருக்கு எதிராக இருந்தது. அவர் ஓடவில்லை, ஒளியவில்லை, தண்டனையை ஏற்று மேல்முறையீடு செய்தார். 381 நாட்கள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான்! 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பஸ்களில் நிறம் பார்த்துப் பிரிப்பது அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது. சின்னச் சட்டத்தை மீறியவர் பெரிய சட்டத்தைக் காப்பாற்றியவர் ஆனார்.

இந்தக் கடமைத் தராசு நமக்கும் வலிக்கும் தராசுதான். 2022 மார்ச்சில் கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில், காப்பு மாரிகுடி கோயில் திருவிழாவில் முஸ்லிம் வியாபாரிகளுக்குக் கடை போட இடம் மறுத்தார்கள். நமக்கு நெஞ்சு கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். அதே 2022 செப்டம்பரில் நம்முடைய தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம் கிராமத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளுக்கு, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடையில் பொருள் தர மறுத்தார்கள். அந்தக் காட்சி செல்போன்களில் பரவி நாடு முழுவதும் பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

'அவர்களிடம் வாங்காதே' என்பதும் 'அவர்களுக்கு விற்காதே' என்பதும் ஒரே விதியின் இரண்டு பக்கம் அல்லவா? முதலாவது வந்தபோது கொதித்த நெஞ்சு இரண்டாவது வந்தபோதும் கொதித்ததா? கொதித்திருந்தால் நம் தராசு சரி. கொதிக்கவில்லை என்றால் நாம் நியாயத்தைக் கேட்கவில்லை, நமக்குச் சலுகைதான் கேட்கிறோம். கான்ட் படிக்காதவனுக்கும் இது விளங்கும்.

மூன்றாம் தராசு: குணம்

மூன்றாவது தராசு செயலைவிட, செய்பவனைப் பார்க்கிறது. இதை வகுத்தவர் கிரேக்கத்து அரிஸ்டாட்டில். நம் ஆலிம்கள் 'அரஸ்து' என்று சொல்வார்களே, அவரேதான். கிபி 1030இல் மறைந்த மிஸ்கவைஹி என்ற முஸ்லிம் அறிஞர் 'தஹ்தீபுல் அக்லாக்' என்ற நூலில் இந்த வழியை எடுத்து விரித்தார். நற்குணம் என்பது இரண்டு ஓரங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது இவர்கள் கருத்து. ஒரு பக்கம் கோழைத்தனம், மறுபக்கம் முரட்டுத்தனம், நடுவில் வீரம். எதற்காக, யாருக்காக, எப்போது, எப்படி என்று தெரிந்து அஞ்சாமல் நிற்பவனே வீரன்.

தம்பிமார்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். ரோசா பார்க்ஸ் அன்று கால் வலித்ததால் எழுந்திருக்கவில்லை என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் மாண்ட்கமரிக் கிளையில் அவர் பல ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தவர். கடிதம் எழுதினார், புகார்களைப் பதிவு செய்தார், அந்த ஆண்டுக் கோடையில்தான் ஒரு பயிற்சி முகாமுக்கும் போய் வந்திருந்தார். அந்த ஒரு நிமிடத் துணிச்சலுக்குப் பின்னால் பல ஆண்டுகளின் அலுவலக வேலை இருந்தது!

அய்யன்காளியும் வண்டியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததற்காக வயல் வேலை நிறுத்தம் நடத்தினார். நில உடைமையாளர்கள் பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்த்தபோது, கடலோர மீனவர்களிடம் பேசித் தொழிலாளர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி, தம் மக்களின் கல்விக்கும் நிலத்துக்கும் பேசினார். ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டுப் போகிறவன் வேறு. சத்தம் அடங்கிய பிறகு பள்ளிக்கூடத்துக்கு அலைபவன் வேறு. நிய்யத்து என்ன என்பது அங்கேதான் தெரியும்.

இங்கே ஒரு சங்கடமான செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2ஆம் தேதி, அதே ஊரில், அதே மாதிரி இடம் விட மறுத்துக் கைதான இன்னொரு பெண் உண்டு. கிளாடெட் கால்வின். வயது 15! தலைவர்கள் அந்தச் சிறுமியை முன்னிறுத்திப் போராட்டம் நடத்தவில்லை. வயதில் சிறியவள், எதிர்ப்பைத் தாங்க மாட்டாள், ஊர் வாய்க்கு இரையாவாள் என்று பல கணக்குப் போட்டார்கள். விளைவுத் தராசு அந்த முடிவுக்கு ஒத்துக்கொள்ளலாம். கடமைத் தராசு கேட்கும்: தைரியமாக நின்ற ஒரு பிள்ளையை, காரியத்துக்கு உதவ மாட்டாள் என்று ஒதுக்கியது நியாயமா? பின்னர் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற வழக்கில் வாதிகளாக இருந்த பெண்களில் கால்வினும் ஒருவர். வெற்றியில் அவருக்குப் பங்கு உண்டு. பெயரில்தான் பங்கு குறைந்துவிட்டது. நல்ல காரியம் நடத்துகிற இயக்கங்களும் தங்களைத் தாங்களே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தக் கத்தி?

'ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்களே!' என்று ஒரு தம்பி கேட்கலாம். வண்டியை மறித்தபோது அய்யன்காளி இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் காட்டினார் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அவர் தோழர்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்தவர் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதை எந்தத் தராசில் போடுவது?

நேர்மையாகப் பதில் சொல்வோம். 1893இல் அவரைக் காக்கப் போலீஸ் வந்திருக்குமா? அவர் போய் நிற்க ஒரு நீதிமன்ற வாசலாவது இருந்ததா? தற்காப்புக்காகக் காட்டியதை, தாக்குவதற்காக எடுத்ததோடு சேர்த்து எழுத முடியாது. ஆனால் அதை வைத்துக் கொண்டு இன்று யாரும் கத்திக்கு நியாயம் தேட வேண்டாம்! இன்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு வந்துவிட்டது. இன்று ஒருவன் கத்தியைத் தூக்கினால், முதல் தகவல் அறிக்கையின் முதல் வரி அந்தக் கத்தியாகத்தான் இருக்கும். அவனுக்கு நடந்த அநியாயம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

1956 ஜனவரியில் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். கொதித்த கூட்டம் ஆயுதங்களோடு அவர் வாசலில் கூடியது. மனைவியும் கைக்குழந்தையும் வீட்டுக்குள் இருந்தபோது குண்டு வெடித்திருக்கிறது. அந்த நிலையிலும் அவர் வெளியே வந்து கூட்டத்தை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அன்று அங்கே ஒரு கல் எறியப்பட்டிருந்தாலும் 381 நாட்களின் உழைப்பு வீணாகியிருக்கும். அய்யன்காளியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வண்டியை.

நம் கடை வாசலில்

சகோதரர்களே! மூன்று தராசும் மூன்று விதமாகச் சொன்னால் என்ன செய்வது? அப்படித்தான் பல நேரம் நடக்கும். ஆனால் ஒரு போராட்டத்தில் இறங்கும் முன்பும், இறங்காமல் ஒதுங்கும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளலாம்.

ஒன்று: இப்போது நிலவும் அமைதிக்கு யார் விலை கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்?

இரண்டு: நான் கேட்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதா, எனக்கு மட்டுமா?

மூன்று: இந்தப் போராட்டத்தின் முதல் செலவு யாருடையது? என்னுடையதா, வழியில் போகிறவனுடையதா?

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அய்யன்காளி சொந்த வண்டியில் ஏறினார். ரோசா பார்க்ஸ் வேலையை இழந்தார். 1957இல் ஊரை விட்டே டெட்ராய்ட்டுக்குப் போக நேர்ந்தது. மாண்ட்கமரி மக்கள் பஸ்ஸைக் கொளுத்தவில்லை, தங்கள் செருப்பைத் தேய்த்தார்கள். இப்போது நம் ஊரில் ஒரு கடையடைப்பை எடுத்துக் கொள்வோம். உங்கள் கடையை நீங்களே பூட்டினால் அது உங்கள் எதிர்ப்பு. பூக்காரப் பாட்டியின் கூடையை நாலு பேர் போய் மூட வைத்தால் அது யாருடைய செலவு? அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கும் அந்த அம்மாவிடம் நாம் அனுமதி கேட்டோமா? அவரை நம் கோரிக்கைக்குக் கருவியாக்கி விட்டோம். மூன்று தராசிலும் அது தோற்றுப் போகிறது.

இனி வியாபாரிகளுக்கு. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை அது வரிசைப்படுத்துகிறது. அதில் முதலில் வருவது எது தெரியுமா? கடைகள்! பிறகு பொது உணவகங்கள், விடுதிகள். அடுத்து கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள். குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போடுபவர்களே, அறை வாடகைக்கு விடுபவர்களே, இந்தப் பட்டியல் நம் தொழிலைப் பார்த்தே எழுதியது போல இல்லையா? சாரல் மாதங்களில் அருவிக்கரையில் யார் யாரோ வந்து குளிக்கிறார்கள். தண்ணீர் யாரிடமும் ஊர் பேர் கேட்பதில்லை. நம் கல்லாவும் கேட்கக் கூடாது.

தீண்டாமையின் பேரால் பொருள் விற்க மறுப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் 1955 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் உட்கார்ந்ததற்குச் சரியாக ஆறு மாதம் முன்பு! 1976இல் அதற்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. காகிதத்தில் சாலை திறந்துதான் இருக்கிறது. அன்று 1865இல் திறந்திருந்ததே, அது போல! தரையில் திறப்பது யார்?

ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறீர்கள். 'அந்தத் தெருக்காரர்களுக்குச் சாமான் கொடுக்காதே' என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து சொல்கிறார்கள். மறுத்தால் உங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். இது சின்னப் பயம் இல்லை, வயிற்றைப் பற்றிய பயம். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் கையில் மிட்டாயை எடுத்துக் கொடுத்தால், அன்று வண்டியில் ஏறியவர் செய்த காரியத்தை நீங்கள் கல்லாவின் இந்தப் பக்கத்திலிருந்து செய்கிறீர்கள்.

தனியாக நின்று செய்ய வேண்டியதில்லை. வியாபாரிகள் சங்கத்தில் முன்கூட்டியே பேசி, 'யாருக்கும் பொருள் மறுப்பதில்லை' என்று தீர்மானம் எழுதி வையுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள். "அண்ணாச்சி, எனக்கும் ஆசைதான், ஆனா சட்டம் விடாதே!" என்று சொல்வதற்குக்கூட அந்தச் சட்டம் உங்களுக்கு உதவும். சட்டம் கோழைக்கும் கொஞ்சம் தைரியம் கொடுக்கிறது, அதில் வெட்கமில்லை.

சத்தமில்லாத மறுப்புகளும் உண்டு. ஒருவருக்குச் சில்லறையைக் கையில் கொடுக்கிறோம், இன்னொருவருக்கு மேசையில் போடுகிறோம். ஒருவரை 'வாங்க' என்கிறோம், அவரைவிட வயதில் மூத்தவரை 'என்னப்பா வேணும்' என்கிறோம். யாரும் வழக்குப் போட மாட்டார்கள், செல்போனில் பதிவும் ஆகாது. ஆனால் வாங்கியவர் மனதில் பதிவாகிவிடும். நம் பிள்ளைகள் அடுத்த ஊரில் வாடகை வீடு தேடும்போது, பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறார்களே, அப்போது நமக்கு எப்படிப் பதிவாகிறதோ அப்படியே!

தம்பிமார்களே, உங்களுக்கும் ஒரு வேலை. கூட்டத்தில் கோஷம் போட ஆள் நிறைய உண்டு. ஒரு மனுவை ஒழுங்காக எழுத, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்க, பாதிக்கப்பட்டவரோடு மூன்றாவது முறையும் நான்காவது முறையும் தாலுகா அலுவலகம் போய் வர எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ரோசா பார்க்ஸ் அந்த வேலையைச் செய்து கொண்டிருந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1941ஆம் ஆண்டு அய்யன்காளி இறந்தார். அவர் வண்டியை மறித்தவர்களின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? ஓரமாக நின்று 'நமக்கேன் வம்பு' என்று பார்த்துக் கொண்டிருந்தவர்களின் பெயரும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் இருந்திருப்பார்கள்.

நாளைக் காலை கடைக் கதவைத் தூக்கும்போது, முதலில் வரும் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்து, கையில் பொருளைக் கொடுத்து, கையில் சில்லறையைக் கொடுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். வல்ல இறைவன் நம் தராசுகளை நேராக்குவானாக!